இருட்டறையில் மூன்று குழித்தட்டுகள்

ஜூன் 29

இந்த நோட்டை அவர்தான் வாங்கி வந்தார். "தண்ணி, மீனு, நாத்து. மூணையும் தெனமும் எழுதி வையி. உன் கையெழுத்து குண்டு குண்டா நல்லாருக்கும்" என்றார். என் கையெழுத்தைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். எழுதினால் போயிற்று. பால் சொசைட்டியில் பதினோரு வருஷமாக டெஸ்டராக இருக்கிறேன். பாலில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதிய கைக்கு, தண்ணீரில் எவ்வளவு மீன் மூத்திரம் என்று எழுதக் கசக்கவா போகிறது?

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் கத்தாரில் ஒரு பண்ணையில் பதினாறு வருஷம் இருந்துவிட்டுப் பிப்ரவரியில் வந்து சேர்ந்தார். கூடாரம் போட்டு, மண்ணே இல்லாமல், ஓட்டல்களுக்குக் கீரை வளர்க்கிற பண்ணை. அங்கே சூப்பர்வைசர். வந்ததிலிருந்து மொட்டைமாடியே கதி. ஆயிரம் லிட்டர் தொட்டியில் மீன் விடுவாராம். மீன் கழிவோடு இருக்கிற தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். மேலே, பாதியாக அறுத்த நீலப் பீப்பாய்களில் ஜல்லி. ஜல்லியில் செடி. கழிவைச் செடி எடுத்துக்கொள்ள, சுத்தமான தண்ணீர் மறுபடி மீனுக்கே இறங்கும். "மீனுக்குச் சோறு போட்டாப் போதும், செடி தன்னால வளரும்" என்று அருப்புக்கோட்டையில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

நேற்று அந்தப் பண்ணையிலிருந்து போன் வந்ததாம். மூன்று வருஷத்துக்குப் புது விசா தருகிறார்கள். ஆகஸ்ட் பதினைந்துக்குள் போய்ச் சேர வேண்டும். சாப்பிடும்போது சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீக?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். அதுக்குள்ள நாத்து விட்டு, மேல நட்டு, வேர் பிடிச்சிருச்சுன்னா போகல. பிடிக்கலன்னா போறேன். நீ என்ன சொல்ற?"

"ரசம் ஊத்தவா?" என்றேன்.

ஜூலை 1

காலை பால் எடுத்து முடித்து வந்தபோது அவர் மாடியில் கூடை கூடையாக ஜல்லியை அலசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு குளியலறை ஆசிட்டை எடுத்து வந்து நாலைந்து கல்லின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டேன். வெள்ளைக் கல்லெல்லாம் நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புக் கல். தண்ணீரில் கிடந்தால் கரைந்து தண்ணீரையே மாற்றிவிடும். பாலில் சோடா உப்புப் போட்டு வருகிறவர்களைப் பிடித்துப் பிடித்து எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்.

"இது எனக்குத் தெரியும். மறந்துட்டேன்" என்றார்.

இரண்டு பேரும் உட்கார்ந்து வெள்ளைக் கல்லாகப் பொறுக்கி எறிந்தோம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதிகம் பேசவில்லை. ஆனாலும் நேரம் போனது தெரியவில்லை.

சாயங்காலம் ஜிலேபி மீன் குஞ்சு அறுபது வந்தது. குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வெயிலில் வைத்து, மருந்து வாடை போன பிறகே தொட்டியில் நிரப்பியிருந்தோம். குஞ்சுகளைப் பையோடு அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்க விட்டுத்தான் திறந்தார்.

ஜூலை 5

தண்ணீர் 29 டிகிரி. அமோனியா பார்க்கிற சொட்டு மருந்து விட்டால் பச்சை. அது மஞ்சளாகிற வரைக்கும் தண்ணீர் பழுக்கவில்லை என்று அர்த்தம். மீன் 58.

ஜூலை 9

லெட்டூஸ் என்று ஒரு கீரை. அதன் விதையை ஈரத்துணியில் சுற்றி இரண்டு நாளாக ஃபிரிட்ஜில் வைத்திருந்தார், இட்லி மாவுக்குப் பக்கத்தில். நம் ஊர்ச் சூட்டில் அது முளைக்காதாம். குளிர்காலம் வந்துவிட்டது என்று அதை நம்ப வைக்க வேண்டுமாம். இந்த ஊரில் அதை நம்புகிற விதைக்கு அசாத்தியத் தைரியம்தான்.

இன்று விதைத்தோம். லெட்டூஸ், தக்காளி, பாலக்கீரை. ஒன்றுக்கு ஒரு குழித்தட்டு, தட்டுக்குத் தொண்ணூற்றெட்டுக் குழி. மண் கூடாது, பம்பை அடைத்துவிடும். தேங்காய் நார்த்தூளை நனைத்துப் பிழிந்து நிரப்பினோம். பிறகு அவர் ஒரு தீக்குச்சியின் முனையை நாக்கில் தொட்டு, அதில் ஒரே ஒரு விதையை ஒட்டவைத்து எடுத்தார். குழிக்கு ஒன்று. பார்வை எங்கோ இருக்கிறது, கை தன்பாட்டுக்குப் போகிறது. நான் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவர் தட்டை முடித்துவிட்டார்.

சூப்பர்வைசர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர் என்று நினைத்திருந்தேன். அவருடைய கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். ரேகையே இல்லை. ஈர நார்த்தூளில் தேய்ந்து தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. மார்ச் மாதம் ரேஷன் கடையில் கைரேகை விழாமல் ஒரு மணி நேரம் நின்றோமே, அதற்கு இன்று விடை கிடைத்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குச் சொன்ன சூப்பர்வைசர் சூப்பர்வைசராகவே இருக்கட்டும்.

ஜூலை 13

மாடியிலிருந்து கூப்பிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். தக்காளி 91, லெட்டூஸ் 84, பாலக் 60 முளைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் கடுகளவு பச்சை. அவர் எண்ணியதையே மூன்று முறை எண்ணினார். மீன் 58.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. காற்றும் வந்துவிட்டது.

ஒரு மனுஷர் வீட்டோடு இருந்தால் எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. எழுந்தவுடன் போர்வையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மடிப்பதுபோல் மடிக்கிறார். தின்ற தட்டை அந்த நிமிஷமே கழுவிவிடுகிறார். ஃபிரிட்ஜைத் திறக்கும் முன் "எடுத்துக்கலாமா?" என்று கேட்கிறார். அவர் சம்பாதித்து வாங்கிய ஃபிரிட்ஜ். சோப்பு டப்பாவும் துணிமணியும் ஐந்து மாதமாகப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. பீரோவில் அவருக்கு ஒரு தட்டு ஒதுக்கினாயா என்று யாராவது கேட்டால், இன்னும் இல்லை. என் புடவைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சேலத்தில் நர்சிங் படிக்கிற மகள் நிறைமதி போன் செய்தாள்.

"அப்பா போறாரா, இருக்காரா?"

"அப்பாகிட்டயே கேளு."

"கேட்டாச்சு. அம்மாகிட்டக் கேளுங்கறார்."

"நாத்துக்கிட்டக் கேளு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 20

இன்று காப்புக் கட்டினோம். எங்கள் தெருவின் முளைப்பாரி ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் வளர்கிறது. ஆண் இல்லாத வீடு, பெண்கள் வந்து போக வசதி என்று அப்போது பேச்சியக்கா ஏற்பாடு செய்தது. பேச்சியக்கா தெரு முக்கில் பூக்கடை வைத்திருக்கிறார். பாரிக்கு அவர்தான் தலைமை, நான் அடுத்து.

சட்டியில் எருவும் வைக்கோலும் போட்டு ஒன்பது வகைப் பயறும் தூவியாயிற்று. சன்னலுக்குச் சாக்கு. கதவைச் சாத்தினால் கை தெரியாத இருட்டு. தினமும் இரண்டு வேளை குளித்துவிட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். இந்தச் செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய் எடுக்கிறவரைக்கும் உள்ளே போன எதுவும் வெளியே வரக்கூடாது. ஆண்கள் அந்த வாசலைத் தாண்டவே கூடாது. அவர் இதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த தன் செருப்பை எடுத்துத் தள்ளி வைத்தார்.

ஜூலை 21

மெட்ராஸ் கிளம்பினார். மீன் தீவனம் அங்கேதான் நல்லது கிடைக்குமாம். மூன்று நாளில் திரும்புவார். நாற்றுகளுக்கு இரண்டாவது இலை வந்துவிட்டது.

"காலையில தண்ணி தெளி. உச்சி வெயில்ல பச்சை வலையை இழுத்து விடு. மீனுக்கு ரெண்டு வேளை ஒரு சிட்டிகை. பாத்துக்குவேல்ல?"

"நாத்து வளக்கத் தெரியாதவகிட்டப் பேசுற மாதிரில்ல பேசுறீக" என்றேன். சிரித்தார்.

ஜூலை 22

காற்றென்றால் காற்று. மதியம் பச்சை வலை டர்ரென்று கிழிந்து பக்கத்து வீட்டு டிஷ்ஷில் போய்ச் சுற்றிக்கொண்டது. பாலக் தட்டு கைப்பிடிச் சுவர்வரைக்கும் நகர்ந்துவிட்டது. இன்னும் அரை அடி போயிருந்தால் தெருவில்தான் பொறுக்க வேண்டும். மூன்று தட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே வந்தேன். எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. காற்றுப் புகாமல், எலி வராமல், இரண்டு வேளை தண்ணீர் கிடைக்கிற இடம் வீட்டில் ஒன்றுதான்.

பேச்சியக்கா தட்டுகள்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து உள்ளே விட்டார். பாரிச் சட்டிகளுக்கு நடுவில் வைத்தோம். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. மீனையும் உள்ளே கொண்டு வரலாமா என்று பேச்சியக்கா கேலி பண்ணினார்.

ஜூலை 24

காலையில் உள்ளே போய் விளக்கை மறைத்துப் பிடித்துப் பார்த்தேன். இரண்டே நாளில் நாற்றுகள் ஒரு விரற்கடை உயர்ந்திருந்தன. அவர் வந்ததும் சொல்ல வேண்டும் என்று சந்தோஷமாக இருந்தது.

பத்து மணிக்கு வந்தார். தீவன மூட்டையை இறக்கியதும் மாடிக்குப் போய், போன வேகத்தில் இறங்கி வந்தார்.

"நாத்து எங்க?"

"பாரி ரூம்ல. காத்துல வலை பிஞ்சு போச்சு. நல்லா உசரமா வருதுங்க."

அவர் முகம் போன போக்கை எழுதத் தெரியவில்லை.

"உள்ள வெளிச்சம் இருக்கா?"

"பாரி ரூம்ல யாராச்சும் வெளிச்சம் விடுவாகளா?"

"வேலு, அது முளைப்பாரி இல்ல. இருட்டுல வெளிச்சத்தைத் தேடித்தான் அது உசருது. தண்டு மட்டும் நூலாட்டம் ஓடும். உள்ள சத்து இருக்காது. வெயில்ல வச்சதும் விழுந்துரும். இப்பவே வெளிய எடுத்துரு."

"காப்புக் கட்டியாச்சு. செவ்வாக்கிழமை வரைக்கும் எடுக்கக் கூடாதே."

"செவ்வாக்கிழமை எடுத்தா ஒண்ணும் மிஞ்சாது. மறுபடி வெதைக்க நாளும் இல்ல."

கதவுக்கு இரண்டடி தள்ளி நின்று இவ்வளவும் பேசினார். அப்போதும் வாசலைத் தாண்டவில்லை. எங்களுக்கு உயரம்தான் பெருமை. வெளுத்து, மஞ்சளாக, ஒரு முழம் வளர்ந்தால் அந்த வருஷம் மழை என்று குலவை போடுவோம். அது வெளிச்சத்துக்குத் தவிக்கிற தவிப்பு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பேச்சியக்காவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 25

மெட்ராஸ் போன சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு சீட்டு. விசாவுக்கு உடம்பு பார்க்கிற மெடிக்கல் சென்டர். 22-ஆம் தேதி. இரத்தம், எக்ஸ்ரே, எல்லாம் சரி என்று முத்திரை குத்தியிருக்கிறது.

தீவனமும் வாங்கத்தான் செய்திருக்கிறார். பொய் சொல்லவில்லை. முழுசாகவும் சொல்லவில்லை.

சீட்டை வைத்த இடத்திலேயே வைத்துச் சட்டையைத் துவைக்காமல் மாட்டிவிட்டேன். பேச்சியக்காவைப் பார்க்க இன்று நேரம் இல்லை.

ஜூலை 26

பேச்சியக்காவே கேட்டார். என் வீட்டுக்காரர் பாரி அறைக் கதவையே இரண்டு தரம் பார்த்துக்கொண்டு நின்றது அக்கா கண்ணில் பட்டிருக்கிறது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அடி ஆத்தா, இதுக்கா அந்த மனுசன் மூஞ்சி தொங்கிப் போயிக் கெடக்கு? நம்ம பாரியை எடுத்தாத்தான் குத்தம். இது தக்காளி. நானே மஞ்சத் தண்ணி தெளிச்சு எடுத்துத் தாரேன். கொண்டுபோயி மேல வையி."

"வேணாம்க்கா. கட்டுன காப்புக்கு மரியாதை வேணும்ல" என்றேன்.

பேச்சியக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். போன வருஷம் காப்புக் கட்டிய கையோடு சொசைட்டியில் கருவாட்டுக் குழம்பு தின்றவள் நான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு பூக்கட்டப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டார். "பேச்சியக்காகிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். ஆகாதுன்னுட்டாக."

விதி என்றால் விதிதான். ஆளுக்கொரு மாதிரி வளைக்க முடியுமா?

ஜூலை 27

தண்ணீர் 28. அமோனியா லேசான பச்சை. மீன் 57. உள்ளே நாங்கள் கும்மி கொட்டினோம். அவர் தண்ணீர்க் குடம் எடுக்க வந்ததுபோல் வந்து வெளியே நின்றார். பிறகு குடம் எடுக்காமலே போய்விட்டார்.

ஜூலை 28

மீன் 57.

ஜூலை 29

ஆடி இரண்டாம் செவ்வாய். பாரி எடுத்தோம். இந்த வருஷம்போல் என்றைக்கும் வளர்ந்ததில்லை. தெருவே குலவை போட்டது. "வேலுத்தாய் கை ராசியான கை" என்றார்கள். நான் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருணிவரைக்கும் போனேன். முன்னால் போனவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் தட்டுகளை மாடிக்குக் கொண்டுபோயிருந்தார். இரட்டை வேட்டியைப் பந்தலாகக் கட்டி நிழலில் வைத்திருந்தார். எல்லாம் வெள்ளை நூல். நுனியில் மடங்கிய இலை. ஒவ்வொன்றுக்கும் ஈர்க்குச்சியை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து குச்சி ஒடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என்னைத் திட்டவில்லை.

ஜூலை 31

விழுந்துவிட்டன. லெட்டூஸ் ஒன்றுகூட இல்லை. பாலக் நான்கு. தக்காளி பதினொன்று நிற்கிறது, நிற்பதாகச் சொல்லலாம்.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வந்து, "டிக்கெட் போடச் சொல்லிட்டேன். பன்னெண்டாந்தேதி" என்றார்.

"சரி" என்றேன்.

"தக்காளியைப் பீப்பாயில நட்டுப் பாப்போம். கெடந்தாக் கெடக்குது."

ஆகஸ்ட் 3

சொசைட்டியில் இன்று ஒருவரின் பால் அளவைத் தப்பாகப் படித்துவிட்டேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அந்த ஆள் சத்தம் போட்டார். எனக்கு அது இதமாக இருந்தது. வீட்டில் யாரும் சத்தம் போட மாட்டேன் என்கிறார்களே.

இந்த நோட்டில் யாருக்குப் பயந்து எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நாற்றை நான்தான் எடுத்துக் கொடுக்கவில்லை. சாமிக்காக அல்ல. அந்தச் சீட்டைப் பார்த்த ஆத்திரத்தில் கொடுக்கவில்லை. நீங்கள் போகத் தீர்மானித்த பிறகு எனக்கு என்ன நாற்று, எனக்கு என்ன மீன் என்று இருந்தது. பிறகு கோபம் ஆறியது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்போதும் இரண்டு நாள் இருந்தது. அப்போதும் எடுக்கவில்லை. அது ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. இவர் இருந்துவிட்டால் தினமும் என்ன பேசுவது என்று ஒரு பயம் இருந்தது, அதுவும் உண்மைதான்.

ஆகஸ்ட் 6

தட்டுகளைக் கழுவ எடுத்தோம். அவர் செத்த நாற்றைத் தட்டித் தட்டிப் போட, நான் தண்ணீர் ஊற்றினேன். இரண்டாவது தட்டில் சொல்லிவிட்டேன்.

"பேச்சியக்கா அன்னிக்கே எடுத்துக்கச் சொன்னாக. நான்தான் எடுக்கல."

"தெரியும்" என்றார்.

செம்பு கையிலேயே நின்றுவிட்டது.

"மறுநாளே பூக்கடையில அக்கா சொல்லிருச்சு. உன் பொண்டாட்டிக்குத் திடீர்னு சாமி பக்தி வந்துருச்சு, என்னன்னு கேளுன்னுச்சு."

"பெறகு ஏன் கேக்கல?"

"என்னத்தைக் கேக்க? போங்கன்னு வாயால சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டு நீ இப்பிடிச் சொல்றன்னு நினைச்சேன்."

எனக்கு அப்படி ஓர் அழுகை வந்தது. அழவில்லை. "மெடிக்கல் சீட்டைப் பாத்தேன்" என்றேன்.

அவர் தட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "எடுத்தேன். இல்லங்கல. நீ என்ன சொல்றன்னு கேட்டேன், ரசம் ஊத்தவான்ன. எனக்கு என்ன தெரியும்? நாத்து வராட்டி ரெண்டுங்கெட்டானா நிக்கக் கூடாதுன்னு எடுத்து வச்சேன். டிக்கெட் போடச் சொல்லல."

"நாங்க யாரும் போங்கன்னு சொன்னமா?"

"ஏழு தடவை வந்து போயிருக்கேன் வேலு. இருங்கன்னும் யாரும் சொன்னதில்ல."

மூன்றாவது தட்டையும் கழுவிக் கவிழ்த்தோம். "அங்க நான் சூப்பர்வைசர்லாம் இல்ல" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "தெரியும்" என்றேன். இப்போது அவர் கை நின்றது.

இவ்வளவு பேசியும் நான் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. என் நாக்குக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை.

ஆகஸ்ட் 9

அமோனியா மஞ்சள். அடுத்த சொட்டு மருந்துக்கு நீலம். மூன்றாவதுக்கு நல்ல ஆரஞ்சு. மூன்று குப்பியையும் வெயிலுக்கு எதிரே பிடித்து இரண்டு முறை பார்த்தேன். தண்ணீர் பழுத்துவிட்டது. இனி எதை நட்டாலும் பிடிக்கும். நடத்தான் ஒன்றுமில்லை.

அவரிடம் காட்டினேன். "அங்கல்லாம் இந்தக் கலரு வர ரெண்டு மாசம் ஆகும்" என்றார். தொட்டிப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எனக்கு எழுதி வைத்திருக்கிறார்: எப்போது தீவனம், எப்போது பம்பைத் துடைப்பது, மின்சாரம் போனால் என்ன செய்வது என்று. தக்காளி பதினொன்றில் மூன்று இருக்கிறது. மீன் 57.

ஆகஸ்ட் 11

பருப்புப் பொடி, கருவேப்பிலைப் பொடி, நாரத்தங்காய் ஊறுகாய். ஊறுகாயை இரண்டு பிளாஸ்டிக் உறையில் கட்டினேன். அவர் பெட்டியை எடை பார்த்தார். பெட்டி அடுக்க அதிக நேரம் ஆகவில்லை. அடுக்கியேதானே இருந்தது.

நிறைமதி போனில் அழுதாள். நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன். எனக்கு இதில் நல்ல பழக்கம்.

ஆகஸ்ட் 12

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டேகாலுக்கு ஆட்டோ வந்தது. வெள்ளைச்சாமியின் ஆட்டோ. பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து மதுரை, அங்கிருந்து விமானம். மேலே போய் மீனுக்குத் தீவனம் போட்டுவிட்டு வந்தார். சாமி படத்துக்கு முன்னால் நின்றார். திருநீறு பூசிக்கொண்டார்.

"போயிட்டு வாரேன்."

"சரி."

எட்டாவது தடவையும் அதே சரி. ஆட்டோ கிளம்பியது. நான் வாசலில் நின்றேன். அது பூக்கடை முக்கை எட்டப் போகிறது. அப்போதுதான் கணக்குப் போட்டேன். இன்னும் மூன்று வருஷம். அதற்குள் எனக்கு நாற்பத்தேழு, அவருக்கு ஐம்பத்துநாலு. போய்விட்டு வந்தால் மறுபடி ஃபிரிட்ஜைத் திறக்க என்னிடம் கேட்பார்.

"என்னங்க!" என்று கத்தினேன்.

இஸ்திரி வண்டிக்காரர் திரும்பினார். டீக்கடையில் இரண்டு பேர் திரும்பினார்கள். இவர் மட்டும் திரும்பவில்லை. ஆட்டோ சத்தத்தில் எங்கே கேட்கும்? இன்னொரு முறை கத்தினேன். அதுவும் இஸ்திரிக்காரருக்குத்தான் கேட்டது.

"கோட்டைச்சாமி!"

கிளம்பிய மனுஷரைப் பின்னால் கூப்பிடக்கூடாது. பர்ஸையே மறந்து போயிருந்தாலும் வாயைத் திறக்காமல் பின்னாலேயே ஓடித்தான் கொடுக்க வேண்டும். புருஷன் பெயரை நடுத்தெருவில் சொல்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரே மூச்சில் இரண்டையும் செய்தேன். பேச்சியக்கா கையில் பூச்சரத்தோடு கடையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

ஆட்டோ நின்றது. இவர் நிறுத்தச் சொல்லவே இல்லையாம். வெள்ளைச்சாமிதான் நிறுத்திச் சாவியைத் திருகினாராம். "அண்ணே, பின்னாடி கூப்ட்டாக. அதும் பேரைச் சொல்லி. இதுக்கு மேல நான் ஓட்ட மாட்டேன். எறங்கிப் போயி உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாங்க. பெறகு போவோம்" என்றாராம்.

இறங்கி நடந்து வந்தார். ஆட்டோ பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

"எதை மறந்தேன்?"

"ஒண்ணையும் மறக்கல."

"பெறகென்ன?"

"போக வேணாம்" என்றேன். "நாத்து பிடிச்சாலும் சரி, பிடிக்காட்டியும் சரி. எனக்கு நீங்க இங்க இருக்கணும்." குரல் நடுங்கிவிட்டது. கோபத்தில் நடுங்குகிறது என்று டீக்கடையில் நினைத்திருப்பார்கள்.

அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தால் போதும், சகுனம் சரியாகிவிடும், எழுந்து போகலாம். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக, கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தார். வெளியே வெள்ளைச்சாமி ஒருமுறை ஆரன் அடித்தார்.

"இன்னொரு டம்ளர் குடு" என்றார்.

அவருக்குத் தண்ணீர் எடுக்கப் போகுமுன், வாசலுக்குப் போய் வெள்ளைச்சாமியிடம் பெட்டியை இறக்கி வைக்கச் சொன்னேன்.